ஒரே கம்பியில் நான்கு வீடுகள்

வியாழக்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு ட்ரூடி வெசெலியின் போன் அடித்தது. பள்ளிக்கூடம் கிளம்பும் அவசரத்தில் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் யாரும் நல்ல செய்தி சொல்ல அழைப்பதில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டுத்தான் எடுத்தாள்.

பேசியது கெய்லா. மாவட்ட அவசர அழைப்பு மையத்தில் இரவு வேலை பார்க்கும் பெண்.

"ட்ரூடி, கொரின் போயிட்டாங்க."

"எங்க?" என்று கேட்டுவிட்டாள் ட்ரூடி. கேட்ட பிறகுதான் புரிந்தது.

"நாலு அம்பதுக்கு அவங்க வீட்டு நம்பர்லேர்ந்து கால் வந்துச்சு. பேச்சே இல்ல. மூச்சு மட்டும்தான். நான் வெக்கல ட்ரூடி. வண்டி போய்க் கதவ உடைக்கிற வரைக்கும் பேசிக்கிட்டே இருந்தேன். இதயம்னு சொல்றாங்க."

கெய்லா அழுதாள். ட்ரூடி அவளைச் சமாதானப்படுத்தினாள். நன்றி சொன்னாள். போனை வைத்தபின் ரொட்டியின் மறுபாதிக்கும் வெண்ணெய் தடவினாள். அதைச் சாப்பிடவில்லை.

கொரின் பிராண்டலுக்கு அறுபது வயது. ட்ரூடிக்கு ஐம்பத்தொன்று. நாற்பத்து நான்கு வருடங்களாகக் கொரினிடம் சொல்லவேண்டிய ஒரு விஷயத்தை ட்ரூடி சொல்லாமல் வைத்திருந்தாள். ஒரே ஒரு இரவைப் பற்றியது அது. அந்த இரவின் குற்றம் முழுவதையும் கொரின் தன் ஒருத்தி தலையில் ஏற்றிக்கொண்டு திரிந்தாள். அதில் பாதி ட்ரூடியுடையது. பாதிக்கு மேலேகூட இருக்கலாம்.

1979 அக்டோபர், ஒரு வெள்ளிக்கிழமை. விஸ்கான்சினில் அந்தப் பக்கம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றால் பெரியவர்கள் யாரும் வீட்டில் தங்கமாட்டார்கள். மதுக்கடையில் மீன் வறுவலும் உருளைக்கிழங்கு அடையும் சாப்பிட்டு, பிராந்தி குடித்து, அக்கார்டியன் வாசிக்க ஆள் இருந்தால் ஆடிவிட்டு வருவார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பதினைந்து, பதினாறு வயதுப் பெண் ஒருத்தி வருவாள். வெசெலி வீட்டுக்கு வழக்கமாக வருகிற பெண்ணுக்கு அன்று பள்ளிக்கூடக் கால்பந்து ஆட்டம். பதிலுக்கு வந்தவள் கொரின், ஓட்டர் ஹாலோ ஊருக்குள் மருந்துக்கடை வைத்திருந்தவரின் மகள். பண்ணை வீட்டில் இரவு நேரத்தில் இருப்பது அவளுக்கு அதுவே முதல் தடவை.

ட்ரூடியின் அம்மா கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே சொன்னாள்: "போன் வந்தா வீட்ல ஆம்பள இல்லன்னு மட்டும் சொல்லிடாத, என்ன? அவர் மாட்டுக் கொட்டகைல இருக்கார், கூப்பிடட்டுமான்னு கேளு. கேக்கறவன் எவனா இருந்தாலும் வெச்சிட்டுப் போயிடுவான்."

"சரி மிசஸ் வெசெலி."

"இவ ஒம்பது மணிக்குத் தூங்கணும். தூங்கமாட்டா. நீ சொல்லிப் பாரு."

அவர்கள் ஏறிப்போன பண்ணை லாரியின் பின்விளக்கு சோளக்கொல்லைக்கு அப்பால் மறைகிறவரை கொரின் ஜன்னலிலேயே நின்றாள். மக்காச்சோளம் இன்னும் அறுக்கவில்லை. காய்ந்த தாள்கள் காற்றில் காகிதம் கசங்குகிற மாதிரி சத்தம் போட்டன. கொல்லைக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு விளக்கு. அது ஆல்மா ஷ்ரோடரின் சமையலறை. ஆல்மா எழுபத்தொரு வயது விதவை, தனி ஆள். துணைக்கு ஒரு கேனரிக் குருவி.

"அங்க யாரோ முழிச்சிருக்காங்க, நல்லது" என்றாள் கொரின்.

போன வாரம்தான் அவள் ஊர்த் தியேட்டரில் ஒரு படம் பார்த்திருந்தாள். பிள்ளை பார்க்க வந்த பெண் பெரிய வீட்டில் தனியாக இருக்கிறாள், போன் அடிக்கிறது, எடுத்தால் பேச்சில்லை, மூச்சு மட்டும். அந்த வருடம் அந்த மாதிரிப் படங்கள் மாற்றி மாற்றி வந்தன. வகுப்புப் பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள். பார்த்த மறுநாளே யாரோ ஒருவர் வீட்டுக்குப் பிள்ளை பார்க்கவும் போனார்கள்.

"அந்தப் படத்தச் சொல்லு" என்று ட்ரூடி நச்சரித்தாள்.

"உனக்கு ஏழு வயசுடி. உங்கம்மா என்னைக் கொன்னுடுவா."

"எனக்கெல்லாம் பயம் கிடையாது. கன்னுக்குட்டி பொறக்கறதயே பாத்திருக்கேன். சொல்லலன்னா நீ சோபால கால் போட்டேன்னு அம்மாகிட்டச் சொல்வேன்."

"வாலு! சரி, உக்காரு. பயந்தா நிறுத்திடுவேன்."

கொரின் சொன்னாள். நன்றாகவே சொன்னாள். போன் அடித்து நின்றபிறகும் கேமரா அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருப்பதை, ஒன்றுமே நடக்காமல் நேரம் மட்டும் போவதை, கைகளால் காட்டிக் காட்டிச் சொன்னாள். "ஒண்ணும் நடக்காதுடி. அதுதான் பயமே. இதோ வரப்போவுது வரப்போவுதுன்னு நாமளே உள்ளுக்குள்ள..."

அப்போது போன் அடித்தது.

இரண்டு பேரும் அலறினார்கள். பிறகு சிரித்தார்கள். ஏழு மணி பத்து நிமிடம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தது ட்ரூடிக்கு நினைவிருந்தது. கொரின் தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தாள்.

"ஹலோ, வெசெலி வீடு."

பதில் இல்லை. கொரின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது.

"ஹலோ? யாரு? மிஸ்டர் வெசெலி மாட்டுக் கொட்டகைல இருக்கார். கூப்பிடட்டுமா?"

சற்று நேரம் காத்திருந்துவிட்டு வைத்தாள்.

"யாரு?" என்றாள் ட்ரூடி.

"ராங் நம்பர்."

ஏழு இருபத்தைந்துக்கு மறுபடி அடித்தது. இந்தத் தடவை எடுக்குமுன் எழுந்து போய்க் கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வந்தாள். எடுத்தாள். ஒன்றும் பேசாமல் கேட்டாள். பிறகு கொரின் கேட்டது வாழ்நாள் முழுக்க இரண்டு பேரையும் விடவில்லை. ரிசீவரை ட்ரூடியின் காதில் வைத்து, கிசுகிசுப்பாக, "இது யாருன்னு உனக்குத் தெரியுதா?" என்றாள்.

ட்ரூடிக்குத் தெரிந்தது. கேட்ட நொடியிலேயே தெரிந்துவிட்டது.

அந்தச் சாலையில் நான்கு வீடுகளுக்கும் சேர்த்து ஒரே தொலைபேசிக் கம்பி. ஒருவர் பேசினால் மற்ற மூன்று வீட்டாரும் எடுத்துக் கேட்கலாம். கேட்கக்கூடாது என்பது மரியாதை. ஆல்மா கேட்பாள். அவள் மூச்சு விடும்போது மூக்கில் மெல்லிய விசில் ஒன்று வரும். பின்னால் கேனரி கத்தும். ட்ரூடியின் அப்பா பேச்சுக்கு நடுவே சத்தமாக, "ஆல்மா, உன் அடுப்புல ரொட்டி கருகுது பாரு!" என்பார். டக்கென்று வைக்கிற சத்தம் கேட்கும். சாலை முழுக்கச் சிரிக்கும். அந்தச் சாலைப் பிள்ளைகளுக்கு ஆல்மாவின் மூச்சு ஆல்மாவின் முகத்தைவிடப் பழக்கம்.

அன்று விசில் கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. ஆனால் அதே விசில். பின்னால் அதே குருவி.

"தெரியாது" என்றாள் ட்ரூடி.

ஏன் அப்படிச் சொன்னாள்? பிற்பாடு எத்தனையோ இரவுகள் அதைக் கிளறிப் பார்த்திருக்கிறாள். பெரிய காரணம் எதுவும் கிடைக்கவில்லை. கொரின் அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். ஊர்ப் பெண், உதட்டுச் சாயம் பூசியவள், வீட்டுச் சோப்பு மாதிரியில்லாமல் ஆப்பிள் மாதிரி மணக்கும் ஷாம்பு போட்டவள், தன்னைப்போல ஒரு சின்னப் பெண்ணிடம் ஒட்டிக்கொண்டு நடுங்கினாள். ஆல்மா என்று சொன்னால் அது முடிந்துவிடும். கொரின் சிரித்துவிட்டுத் தலையைக் கோதி, போய்த் தூங்கு என்பாள். அவ்வளவுதான் காரணம். ஆல்மா எப்போதும்போல ஒட்டுக் கேட்கிறாள் என்றுதான் ஏழு வயதுக்கு எண்ணத் தெரிந்தது. ஒட்டுக் கேட்கிறவள் எதற்காகத் தானே அழைக்க வேண்டும் என்று யோசிக்கத் தெரியவில்லை.

கொரின் ரிசீவரை வைத்தாள். சமையலறை விளக்கை அணைத்தாள். இருட்டிலிருந்து வெளியே பார்த்தால் ஆல்மா வீட்டு வெளிச்சம் இன்னும் பிரகாசமாகத் தெரிந்தது.

"கோட்டப் போடு" என்றாள். "நாம அந்த வீட்டுக்குப் போயிடலாம். அவங்ககிட்டச் சொல்லி ஷெரிஃபக் கூப்பிடலாம்."

கொல்லை வழியாகப் போனால் முந்நூறு அடி. கொரின் கதவைத் திறந்தாள். குளிர் அடித்தது. சோளத்தாள்கள் உரசின. அவள் ஒரு படி இறங்கினாள். இன்னொரு படியும் இறங்கினாள். ட்ரூடியின் கை அவள் கைக்குள் இருந்தது.

போனால் ஆல்மா கதவைத் திறப்பாள். அடடே, நான்தானே கூப்பிட்டேன் என்பாள். தெரியாது என்று சொன்ன பொய் வெளியே வந்துவிடும். ட்ரூடி அழத் தொடங்கினாள். கண்ணீர் வரவில்லை, சத்தம் மட்டும்.

"வேணாம் கொரின், எனக்கு பயமா இருக்கு. சோளத்துக்குள்ள யாரோ இருக்காங்க. போகாத."

கொரின் அவளை வாரித் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிவந்து தாழ்ப்பாள் போட்டாள். நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள்.

ஏழு நாற்பதுக்கு மூன்றாவது அழைப்பு. எடுத்தபோது மூச்சோடு கூட ஏதோ தட்டும் சத்தம். மரத்தில் விரல் முட்டியால் தட்டுவதுபோல. விட்டு விட்டு. கொரின் வைக்கவில்லை. வைத்தால் மறுபடி அடிக்குமே! ரிசீவரைத் துண்டில் சுற்றி, மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள்.

"இனி அடிக்காது" என்றாள்.

ஊருக்குள் அவள் வீட்டில் தனிக் கம்பி. ஒரு ரிசீவர் கீழே இருந்தால் அந்த ஒரு வீட்டுக்குத்தான் போன் இல்லை. இந்தச் சாலையில் நான்கு வீடும் ஊமையாகிவிடும் என்பது அவளுக்குத் தெரியாது. ட்ரூடிக்குத் தெரியும். அப்பா அதற்காக எத்தனை தடவை கத்தியிருக்கிறார்!

டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஒரே போர்வைக்குள் படுத்தார்கள். கொரின் பாட்டுப் பாடினாள். ட்ரூடி பத்து மணிக்கு நிம்மதியாகத் தூங்கிப்போனாள்.

பதினொன்றரைக்கு அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அப்பா இழுப்பறையிலிருந்து போனை எடுத்து வைத்துவிட்டு, "சினிமா ரொம்பப் பாக்கறியா பாப்பா?" என்று கேலி செய்துகொண்டே கொரினை ஊரில் கொண்டுபோய் விட்டார். காலையில் பால் கறந்து முடித்து, அம்மா யாரையோ கூப்பிடப் போனை எடுத்தாள். டயல் சத்தமே இல்லை. குருவி கத்துவது மட்டும் கேட்டது.

"ஒட்டுக் கேட்டுக்கிட்டே தூங்கிட்டா போல ஆல்மா" என்று சிரித்துக்கொண்டுதான் அப்பா கொல்லையைக் கடந்து போனார்.

சமையலறைத் தரையில் கிடந்தாள். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வாய் கோணியிருந்தது. ரிசீவர் கையில் இருந்தது. உயிர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அதுவும் போயிற்று. முன்னாலேயே பார்த்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று அப்பா டாக்டரைக் கேட்டார். சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

யாரும் கொரினைத் திட்டவில்லை. அவளுக்கு என்ன தெரியும், சின்னப் பெண், என்றார்கள். அவள் அழுதுகொண்டே வந்து, எத்தனை மணிக்கு என்ன கேட்டது என்று ஷெரிஃபின் ஆளிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். ட்ரூடியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஏழு வயதுப் பிள்ளையிடம் கேட்க என்ன இருக்கிறது?

கொரின் அதன்பிறகு யார் வீட்டுக்கும் பிள்ளை பார்க்கப் போகவில்லை. பள்ளி முடித்ததும் ஷெரிஃப் அலுவலகத்தில் அழைப்பு எடுக்கும் வேலையில் சேர்ந்தாள். பிறகு மாவட்டத்துக்கென்று அவசர அழைப்பு மையம் வந்தபோது அங்கே போனாள். ஊரில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியாது, குரல் தெரியும். பேச்சில்லாத அழைப்பு வந்தால் அவள் வைக்கமாட்டாள். பாக்கெட்டில் அமுங்கிய போன், குழந்தை விளையாடிய போன், எதுவானாலும் சரி. "நான் இங்கதான் இருக்கேன். உங்களால பேச முடியலன்னா ஒரு தட்டு தட்டுங்க." மேலதிகாரி திட்டுவார். "கொரின், அது எவனோ குடிகாரன் போன் மேல உக்காந்திருக்கான்." "இருக்கட்டும், அவனுக்கும் நெஞ்சு வலிக்கலாம்ல" என்பாள்.

ஒரு தடவை கல்யாணம் செய்து, ஆறு வருடத்தில் முறித்துக்கொண்டாள். "அவன் நல்லவன்தான். ராத்திரி போன் அடிச்சா நான் எழுந்து உக்கார்றது அவனுக்குப் பிடிக்கல" என்றாள், ஏதோ மழையைப் பற்றிச் சொல்வதுபோல.

ட்ரூடி கல்லூரி முடித்து ஊர்ப் பள்ளியில் வேதியியல் ஆசிரியையாகத் திரும்பி வந்தபிறகு இருவருக்கும் வெள்ளிக்கிழமை வழக்கம் ஒன்று ஏற்பட்டது. மீன் வறுவல், பிறகு படம். கொரின் தேர்ந்தெடுப்பது ஒரே வகைதான்: தனி வீடு, சின்னப் பெண், மாடியில் பிள்ளைகள், அடிக்கும் போன். நல்லது, மட்டமானது, எல்லாம் பார்த்தாள். தியேட்டரில் மற்றவர்கள் கண்ணை மூடிக்கொள்ளும் இடத்தில் கொரின் திரையைப் பார்த்துக் கத்துவாள்.

"வெக்காதடி! ஏன்டி வெச்ச? யாருன்னு கேளு! பின்னாடி என்ன சத்தம் கேக்குதுன்னு கேளுடி மடச்சி!"

முன்வரிசைப் பையன்கள் திரும்பிப் பார்ப்பார்கள். "மேடம், அவளுக்குக் கேக்காது" என்பான் ஒருவன்.

"தெரியும்டா. அவளுக்கு என்னிக்குத்தான் கேட்டுது?"

ட்ரூடி சிரிப்பாள். கொரின் எப்போது அந்த இரவைப் பற்றிப் பேச ஆரம்பிப்பாள் என்று தெரியாது. சில வெள்ளிக்கிழமைகளில் ஆரம்பிப்பாள், கார் நிறுத்தத்தில், சாவியைத் திருகாமல்.

"ரிசீவர் கீழதான இருந்துச்சு ட்ரூடி. கம்பி திறந்தே கிடந்துச்சு. துண்டுக்குள்ளேர்ந்தும் அவளுக்குக் கொஞ்சம் கேட்டிருக்கும். டிவி சத்தம், நான் பாடினது. எல்லாத்தயும் கேட்டுக்கிட்டே தரைல கிடந்திருக்கா." பிறகு, கொஞ்சம் கழித்து: "அவர் கொட்டகைல இருக்கார், கூப்பிடட்டுமான்னு கேட்டேன். இதோ வந்துடுவார்னு காத்துக்கிட்டு இருந்திருப்பா."

அந்த இடத்தில்தான் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தெரியும் கொரின், அது ஆல்மா என்று எனக்கு அப்போதே தெரியும், நீ போகத்தான் பார்த்தாய், நான்தான் இழுத்தேன். நான்கு வாக்கியம். ட்ரூடி வாயைத் திறப்பாள். "குளிருது, கிளம்பலாமா?" என்று வரும். சொன்னால் கொரினின் பாரம் குறையலாம். சொன்னால் கொரின் தன்னை மறுபடி வீட்டுக்குள் விடாமலும் போகலாம். வருடங்கள் ஏறஏற, எதற்காக இவ்வளவு நாள் சொல்லவில்லை என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. இந்தக் கேள்வி முதல் பொய்யைவிடக் கனமாக இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் கொரின் ஓய்வு பெற்றாள். அதற்குப் பிறகு தூக்கம் இன்னும் கெட்டது. இந்தச் செப்டம்பரில் ஒருநாள், "ஆல்மா வயசுக்குப் போறதுக்குள்ள இத எங்கயாவது இறக்கி வெக்கணும்டி. எங்கன்னுதான் தெரியல" என்றாள். அன்று இரவு ட்ரூடி முடிவெடுத்தாள்.

போன சனிக்கிழமை கொரின் வீட்டுக்குப் போனாள். பனிக்காலம் வருமுன் ஜன்னல்களுக்கு வெளிப்புறம் இரண்டாவது கண்ணாடிச் சட்டம் மாட்டும் வேலை. ட்ரூடி ஏணியில் ஏறினாள். கொரின் கீழே நின்று எடுத்துக் கொடுத்தாள்.

"கொரின், அந்த ராத்திரி பத்தி..."

"இடது பக்கம் தூக்கு. இன்னும். உங்க பள்ளிக்கூடத்துல இடது வலது சொல்லித் தர்றதில்லையா?"

மாட்டினாள். இறங்கினாள். ஏணியை நகர்த்தினார்கள். ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஏழாவது சட்டத்தை மாட்டும்போது மழை தூறியது. ட்ரூடி இறங்கி, ஏணியைப் பிடித்தபடி நின்றாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும் கொரின். ரொம்ப நாளா."

கொரின் அவள் முகத்தைப் பார்த்தாள். நாற்பது வருடம் குரலை மட்டும் வைத்து ஆளை எடைபோட்டவள்.

"நின்னுக்கிட்டுச் சொல்ற விஷயமா?"

"இல்ல."

"அப்ப அடுத்த சனிக்கிழமை சொல்லு. மிச்சத்த மாட்டிட்டு, காப்பி போட்டு, உக்காந்து கேக்கறேன். எனக்கு இப்ப தலை நனையுது, உனக்கு உதடு நடுங்குது. ஒரு வாரத்துல எங்கயும் ஓடிடமாட்டேன்டி."

ட்ரூடி தலையாட்டினாள். உண்மையைச் சொல்வதென்றால், காரில் ஏறியபோது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. இன்னும் ஒரு வாரம்.

வியாழக்கிழமை சாயங்காலம் கொரினின் தம்பி லெஸ்டர் சாவியைக் கொடுத்தான். அடக்கத்துக்கு ஒரு உடுப்பு எடுத்துவர வேண்டும். தன்னால் உள்ளே போக முடியவில்லை என்றான். ட்ரூடி போனாள். உடைந்த கதவுக்குப் பலகை அடித்திருந்ததால் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்வாசலுக்குப் போகவேண்டியிருந்தது. பதினொரு ஜன்னல்களில் ஏழுக்குத்தான் சட்டம் மாட்டியிருந்தது. மற்ற நான்கும் பின்சுவரில் சாத்தியபடி இருந்தன.